காரின் காபரேட்டர் படகுக்குச் சரிவருமா?

வாசகர் கேள்வி – பதில்

(படகு எஞ்சின் சம்பந்தமான கேள்விகளை அனுப்பச் சொல்லிப் போன இதழில் ஆசிரியர் கேட்டிருந்தார். வந்தவற்றில் பெரும்பகுதி, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டர் பற்றியது. கனடாவின் சிம்கோ ஏரிக்கரையில் படகு திருத்துவதே என் பிழைப்பு என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பனி உருகிப் படகை இறக்கும் மாதத்தில் எல்லோருடைய கோபமும் அந்தச் சாமான் மேல்தான்.)

கேள்வி: 1989ஆம் ஆண்டில் செய்த 20 அடிப் படகு ஒன்றை மலிவாக வாங்கினேன். மேர்க்குரூசர் 5.7 லீற்றர் வி8 எஞ்சின். அதிலுள்ள பழைய குவாட்ராஜெட் காபரேட்டர் சரியாக வேலை செய்யவில்லை. கார் கராஜ் வைத்திருக்கும் என் மச்சான், "எடெல்புரொக் 1406 ஒன்றை வாங்கிப் பூட்டு. மரீன், அதாவது படகுக்கானது, என்று விற்கும் 1409உம் அதே சாமான்தான், பெயருக்குத்தான் கூடக் காசு. சிம்கோ நல்லதண்ணி ஏரி, உப்பு இல்லை, துருப்பிடிக்காது" என்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், மார்க்கம்

பதில்: தம்பி, உங்கள் மச்சான் சொன்னதில் பாதி சரி. அதனால்தான் இந்தக் கதை இவ்வளவு காலமாக ஓடுகிறது. உங்கள் எஞ்சினின் இரும்பு ஜெனரல் மோட்டர்ஸ் வார்த்தது. 350 (கன அங்குலம்) என்று கார்க்காரர் சொல்கிற அதே எஞ்சின், 1967இல் கமரோ காரில் வந்தது. பிஸ்டன், வால்வு, புஷ்றொட் எல்லாம் அவருக்குக் கைவந்த சாமான்கள். 1406ஐயும் 1409ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் 600 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று விடும்), இரண்டுக்கும் மின்சார சொக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண உதவும் தட்டு). பார்வைக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

உப்புத் துருவை மட்டும் நினைத்தே மச்சான் கதைக்கிறார். மரீன் காபரேட்டருக்குத் துருப்பிடிக்காத பூச்சும் தண்டும் கொடுப்பது உண்மை. நல்லதண்ணி ஏரியில் அது பெரிய விசயம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மரீன் என்ற சொல்லுக்கு நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்காக இல்லை, நெருப்புக்காக.

நம்பாத ஆட்களுக்கு என் மேசையில் ஒன்றைச் செய்து காட்டுவேன். ஒரே அளவான இரண்டு ஹோலி காபரேட்டர்கள், ஒன்று காருக்கானது, மற்றது படகுக்கானது. இரண்டையும் அலுமினியத் தட்டங்களின் மேல் வைத்து, மேலே தொங்கும் சின்னத் தாங்கியிலிருந்து மினரல் ஸ்பிரிட் விடுவேன். (பெற்றோலில் இந்த விளையாட்டை விளையாட வேண்டாம்.) எரிபொருள் தேங்கும் புளோட் கிண்ணம் நிரம்பியதும், உள்ளே மிதக்கும் புளோட் எழும்பி ஊசி வால்வை மூடிவிடும். அதுவரை இரண்டும் ஒன்றுதான். அடுத்ததாக இரண்டு ஊசிகளுக்கும் கீழே நகநுனியில் நிற்கிற அளவு துருவின் துகள் ஒவ்வொன்றை வைப்பேன். பழைய தாங்கியிலிருந்து எந்தக் கோடையிலும் வரக்கூடிய துகள்தான். ஊசி மூடாது, கிண்ணம் பொங்கும்.

கார்க் காபரேட்டரில் பொங்கிய எரிபொருள் நேராக நிற்கும் வென்ட் குழாயால் (கிண்ணத்துக்குக் காற்று விடும் குழாய்) மேலே வந்து வாயைச் சுற்றித் தேங்கும். கொஞ்சம் உள்ளே போகும். மிச்சம் சொக் கம்பி போகிற ஓட்டையால் வெளிச்சுவரில் வழியும். உள்ளே போனது, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் தட்டின் மேல் குளம் கட்டி, தட்டைத் தாங்கும் தண்டின் இரண்டு நுனியாலும் சொட்டுச் சொட்டாகக் கசியும். தட்டத்தில் சின்னக் குட்டையே உண்டாகிவிடும். படகுக் காபரேட்டரில் அதே வென்ட் குழாய் ஆங்கில எழுத்து ஜே மாதிரி வளைந்து காபரேட்டரின் தொண்டைக்குள் குனிந்திருக்கும். பொங்கினால் தொண்டைக்குள்ளேயே விழும். த்ரொட்டில் தண்டில் வெட்டிய பள்ளம் கசிவை வெளியே விடாமல் திரும்ப உள்ளே இறக்கிவிடும். வெளிச்சுவரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். காய்ந்திருக்கும்.

இதை அமெரிக்கச் சட்டம் ஒரு கணக்காகவே எழுதி வைத்திருக்கிறது. புளோட் வால்வு திறந்தபடி, த்ரொட்டில் பாதி திறந்தபடி, எஞ்சின் பற்றாமல் ஸ்டாட்டர் மட்டும் சுற்றும்போது, 30 விநாடியில் 5 சி.சி.க்கு மேல் வெளியே கசியக்கூடாது. ஒரு தேக்கரண்டிதான். இந்த நிலைமை வானத்தில் இருந்து விழுந்ததில்லை. எஞ்சின் பற்றாமல் எரிச்சலில் த்ரொட்டிலைப் பாதி தள்ளிக்கொண்டு திறப்பை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறோமே, அதே நிலைமைதான். பெற்றோல் மிகவும் கூடுதலாக வரும் நேரமும் ஸ்டாட்டரில் பொறி பறக்கும் நேரமும் ஒன்றாக வருவது அப்போதுதான்.

காரில் சொட்டினால் என்ன ஆகும்? கீழே தெரு. காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகில் எஞ்சின் இருப்பது மூடிய பெட்டிக்குள், அதற்குக் கீழே ஓட்டை இல்லாத படகின் அடி. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே எழும்பிப் போகாது, பள்ளம் பார்த்து இறங்கிக் கிடக்கும். காற்றில் அது ஏறத்தாழ 1.4 வீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடிய கலவை. அதன் மேல் ஒரு பொறி போதும்.

படகுக் காபரேட்டரும் பழுதாகும். அதே துகள் அதிலும் வரும். அப்போது எஞ்சின் பெற்றோலில் மூழ்கும், கறுப்புப் புகை விடும், நின்றுபோகும். யாராவது உங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டி இருக்கும், பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கம். அவ்வளவுதான்.

இரண்டாவது விசயம் பெற்றோல் அளவு. கார் நெடுஞ்சாலையில் ஓடும்போது எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை. கால் பெடலில் பட்டும் படாமலும் இருக்கும். அதை வைத்துத்தான் 1406ஐ எரிபொருள் மிச்சம் பிடிக்கிற மாதிரி ஜெட் (பெற்றோலை அளந்து விடும் சின்ன ஓட்டை) போட்டு அமைத்திருக்கிறார்கள். படகுக்கு கியர் மாற்றமும் இல்லை, உருண்டு போகிற சுகமும் இல்லை. பாரம் ஏற்றிய லொறி நாள் முழுக்கக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். நிமிடத்துக்கு 3500 சுற்றில் அரை மணித்தியாலம் விடாமல் ஓடுகிற எஞ்சினுக்குப் பெற்றோல் குறைந்த கலவை கொடுத்தால் சூடு ஏறி எக்ஸோஸ்ட் வால்வு கருகும், பிஸ்டனும் போகலாம். காபரேட்டரில் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு அங்கே போகும்.

மூன்றாவது, எடெல்புரொக் வாங்குவதென்றாலும் காபரேட்டர் உட்காரும் உங்கள் மனிஃபோல்டைப் பாருங்கள். குவாட்ராஜெட்டின் முன் ஓட்டைகள் இரண்டும் சின்னன், பின்னவை பெரிசு. எடெல்புரொக்கின் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சில மனிஃபோல்டில் நேரே உட்காரும், சிலதில் இடையில் அடாப்டர் தட்டு வேண்டும். தட்டுப் போட்டால் உயரம் கூடும், எஞ்சின் மூடி, காபரேட்டரின் வாயில் நெருப்பைத் தடுக்க வைத்திருக்கும் பிளேம் அரெஸ்டரில் இடிக்கும். வாங்குவதற்கு முதல் அளவு எடுங்கள்.

என்னைக் கேட்டால், புதிது வாங்கும் யோசனையே இரண்டாவது. முதலில் அந்தக் குவாட்ராஜெட்டை வடிவாகக் கழற்றிக் கழுவி, கிட் (புது கஸ்கெட், ஊசி எல்லாம் உள்ள திருத்தும் பொதி) போட்டுப் பாருங்கள். அது அந்த எஞ்சினுக்கென்றே அமைத்து வந்த மரீன் காபரேட்டர். த்ரொட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது அது இருக்கும் ஓட்டை தேய்ந்து தளர்ந்திருந்தால் மட்டும் 1409. வேலையை உங்கள் மச்சானிடமே கொடுக்கலாம், கையில் தொழில் உள்ள மனிதர். ஒரு நிபந்தனை மட்டும் சொல்லுங்கள்: காபரேட்டர், பெற்றோல் பம்ப், ஸ்டாட்டர், ஒல்டர்நேட்டர், டிஸ்ரிபியூட்டர், இந்த ஐந்தையும் கார்க் கடையில் வாங்கக்கூடாது.

கேள்வி: கணவர் பழைய படகு ஒன்று வாங்கி, பிள்ளைகளோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரிக்குப் போகிறோம். எஞ்சின் பக்கமாகப் பெற்றோல் மணம் வருகிறது. "பழைய படகென்றால் மணக்கத்தான் செய்யும்" என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை.
– வாசகி, ஏஜக்ஸ்

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி, தங்கச்சி. பழைய படகு ஒயில் மணக்கலாம், பூஞ்சணம் மணக்கலாம். பெற்றோல் மணக்கக்கூடாது. கசிவு எங்கே என்று தெரியும்வரை படகைத் தண்ணீரில் இறக்கவேண்டாம். பற்றரியைக் கழற்றுவதற்கு முதல் எஞ்சின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். மணம் இருக்கும்போது பற்றரி வயரைத் தொட்டால் அங்கேயே பொறி வரும்.

பிறகு கணவரை ஒரு டோர்ச்சோடு இறக்குங்கள். எஞ்சினோடு பூட்டிய பெற்றோல் பம்பிலிருந்து காபரேட்டருக்கு மெல்லிய, மஞ்சள் சாயலான பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஏறும். அது பெற்றோல் வருகிற குழாய் இல்லை. பம்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால், கசிகிற பெற்றோல் வெளியே சிந்தாமல் காபரேட்டருக்கே போகவேண்டும் என்று வைத்தது. அதற்குள் ஈரம் தெரிந்தால் பம்ப் முடிந்தது. அந்தக் குழாயே இல்லையென்றால், முன்னைய சொந்தக்காரர் கார்ப் பம்பைப் பூட்டியிருக்கக்கூடும். அதையும் மாற்றுங்கள்.

அடுத்தது ரப்பர்க் குழாய்கள். மேலே ஏ1-15 அல்லது பழையதென்றால் ஏ1 என்று அச்சடித்திருக்கவேண்டும். நெருப்புக்குள் இரண்டரை நிமிடம் தாக்குப்பிடிக்கிறதா என்று சோதித்த குழாய் அது. கார்க் கடைக் குழாய்க்கு அந்தச் சோதனை இல்லை. அச்சு அழிந்து, மடித்தால் வெடிப்புத் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். தாங்கிக்குப் பெற்றோல் ஊற்றும் பெரிய குழாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெற்றோல் நிரப்பிய அன்றைக்கு மட்டும் மணம் வருகிறதென்றால் முதலில் அங்கே பாருங்கள்.

எஞ்சின் அறையின் ஆவியை வெளியே இழுக்கும் விசிறியான ப்ளோவரைப் பற்றியும் சொல்லவேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல் நான்கு நிமிடம் அதை ஓடவிடவேண்டும் என்பது கனடாவில் சட்டம். ப்ளோவரின் உறிஞ்சு குழாய் எஞ்சின் அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள், ஆனால் அடியில் தேங்கும் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும். கனக்கப் படகுகளில் அது கழன்று மேலே தொங்கிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்கும், ஆவி அசையாது. கையை வைத்து உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். நான்கு நிமிடம் முடிந்தபின் மூடியைத் திறந்து மூக்காலும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவுக்கு மருந்து ப்ளோவர் இல்லை, அது கசிவைத் திருத்திய பிறகும் இருக்கவேண்டிய காவல்.

கேள்வி: மயிலிட்டியில் எங்களுக்குப் ஃபைபர் படகும் அவுட்போட் மோட்டரும் இருந்தன. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுவோம். ப்ளோவரும் இல்லை, பிளேம் அரெஸ்டரும் இல்லை. காபரேட்டரைக் கடற்கரையில் குந்தியிருந்து சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பூட்டியவன் நான். இங்கே மரீன், மரீன் என்று சொல்வதெல்லாம் கொம்பனிக்காரன் காசு பிடுங்கும் வேலையில்லையா?
– வாசகர், பிரம்டன்

பதில்: அண்ணை, உங்கள் அனுபவம் பொய்யில்லை. ஆனால் உங்கள் மோட்டர் தொங்கியது படகுக்கு வெளியே. கசிந்தால் கடலில் விழும், ஆவி காற்றோடு போய்விடும். ஃபைபர் படகும் திறந்த படகு, ஆவி அடைபட்டு நிற்க மூடிய அறை எதுவும் இல்லை. அமெரிக்கச் சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பூட்டிய பெற்றோல் எஞ்சின் எல்லாவற்றுக்கும் பின்வெடிப்பு நெருப்பைத் தடுக்கும் சாதனம் வேண்டும், அவுட்போட் தவிர, என்றுதான் எழுதியிருக்கிறது.

எரிபொருளும் வேறு. மண்ணெண்ணெய் கிட்டத்தட்ட 38 பாகை சூட்டுக்கு மேலே போனால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் விடும். கனடாக் குளிரிலும் அது சும்மா இருக்காது.

காசு பிடுங்கல் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மரீன் என்று ஒட்டி விலையை ஏற்றுகிற சாமான்கள் இருக்கின்றன. எஞ்சின் புத்தகத்தில் உள்ள அதே இலக்கம் என்றால் ஒயில் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் பெல்ட்டையும் நான் எங்கே மலிவோ அங்கே வாங்குவேன். பெற்றோல் தொடுகிற சாமான், பொறி விடுகிற சாமான், இவை இரண்டிலும் மட்டும் பேரம் பேசுவதில்லை. காரின் ஸ்டாட்டரையும் ஒல்டர்நேட்டரையும் திறந்து பாருங்கள், உள்ளே பொறி பறக்கும் இடத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே தடை எதுவும் இல்லை. படகுச் சாமானில் அந்த இடத்தை அடைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் நெருப்பு வெளியே தாவாதபடி மெல்லிய கம்பிவலை வைத்திருப்பார்கள்.

சவர்க்காரத் தண்ணீரில் கழுவிய அந்தக் கைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. கோடையில் ஒருக்கால் இந்தப் பக்கம் வாருங்கள்.

கேள்வி: கார்க் காபரேட்டரின் வென்ட் குழாயை ஜே மாதிரி வளைத்து, மேலே பிளேம் அரெஸ்டரையும் வைத்துவிட்டால் அது மரீன் காபரேட்டர் ஆகிவிடாதா? குழாய் தனியாகவே விற்கிறார்களே.
– கல்லூரி மாணவர், மிசிசாகா

பதில்: ஆகாது. த்ரொட்டில் தண்டு, கஸ்கெட், ஜெட் எல்லாம் காரினுடையதாகவே இருக்கும். 30 விநாடி, 5 சி.சி. சோதனையை உங்கள் கராஜில் யார் செய்து பார்க்கப்போகிறார்கள்? விபத்து நடந்தால் காப்புறுதிக்காரன் முதலில் கேட்பது அந்தக் காபரேட்டரின் இலக்கத்தைத்தான்.

கேள்வி: பிளேம் அரெஸ்டருக்குப் பதிலாகக் காரின் எயார் ஃபில்டரைப் போட்டால் என்ன? காற்று நன்றாகப் போகுமே.
– வாசகர், பிக்கறிங்

பதில்: எஞ்சின் பின்வெடிக்கும்போது காபரேட்டரின் வாயால் நெருப்பு வெளியே வரும். அரெஸ்டரில் நெருங்கிய உலோகத் தகடுகளுக்கு நடுவே நுழைகிற நெருப்பு, சூட்டை அந்த உலோகத்துக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே அணைந்துபோகும். கார் ஃபில்டர் கடதாசி. அதுவே பற்றும். அரெஸ்டரின் மேல் அமெரிக்கக் கோஸ்ட் கார்ட் (கடலோரக் காவல்படை) அங்கீகாரமோ, எஸ்.ஏ.ஈ. ஜே1928 அல்லது யு.எல். 1111 என்ற குறியோ இருக்கவேண்டும்.

காற்றுப் போகவில்லை என்றால் அரெஸ்டர் ஊத்தையாக இருக்கும். வருடம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். எஞ்சினிலிருந்து வரும் ஒயில் ஆவி அதில் படிந்து பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். தகடுகள் நசுங்கியோ விலகியோ இருந்தால் கழுவிப் பிரயோசனம் இல்லை, புதிதுதான்.

கேள்வி: 3.0 லீற்றர் மேர்க்குரூசர். காலையில் நன்றாக ஓடும். வேகமாகப் பத்து நிமிடம் ஓடியதும் பலம் விழுந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் சரியாகும், கூட்டினால் திரும்ப விழும். காபரேட்டரைத் திருத்தினேன், பிறகு புதிதும் வாங்கினேன். அப்படியேதான் இருக்கிறது.
– வாசகர், பாரி

பதில்: அந்த நாலு சிலிண்டர் எஞ்சின் எனக்குப் பிடித்தது. 1962இல் செவி II காரில் வந்த எஞ்சினின் பரம்பரை. எளிதில் சாகாது. உங்கள் காபரேட்டர்கள் இரண்டும் குற்றமற்றவை என்று நினைக்கிறேன். கிண்ணத்துக்குப் பெற்றோல் வந்து சேரவில்லை. மெதுவாக ஓடும்போது வருகிற அளவு போதும், முழு வேகத்தில் போதாது. அதுதான் நீங்கள் சொல்கிற நோய்.

எங்கே அடைப்பு என்று பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவுட்போட்டுக்குப் பாவிக்கும் தூக்கித் திரியக்கூடிய தாங்கி ஒன்றைப் பம்பின் உள்ளே போகும் குழாயில் பூட்டுங்கள். படகின் தாங்கியை விட்டுவிட்டு அதிலிருந்து ஓடிப் பாருங்கள். தாங்கி எஞ்சின் அறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்கட்டும். தீயணைப்பானோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். பலம் விழாமல் ஓடினால் குற்றம் தாங்கிப் பக்கம்.

அங்கே மூன்று சந்தேகநபர்கள். ஒன்று தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அதை மாற்றிவிட்டு மேலே படியுங்கள். இரண்டு, தாங்கியின் காற்றுக் குழாய். படகின் பக்கத்தில் சின்ன ஓட்டையாக முடியும் அதற்குள் சிலந்தியும் குளவியும் கூடு கட்டும். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. பலம் விழுந்த உடனே தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் கள்ளன் பிடிபட்டான்.

மூன்றாவதுதான் பெரும்பாலும். தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியே வரும் இடத்தில் பித்தளை முனை ஒன்றுக்குள் சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும். சைஃபன் தடுப்பு வால்வு என்பது அது. குண்டைச் சுற்றி ஊத்தையும் பிசினும் பிடித்து முழுதாகத் திறக்காமல் நிற்கும். இதைக் கண்டுபிடித்த கையோடு குண்டை வெளியே தட்டி எறிந்துவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். எஞ்சினுக்கும் தாங்கிக்கும் நடுவே குழாய் கழன்றால், தாங்கியில் உள்ள பெற்றோல் தானாக வழிந்து படகின் அடியில் நிரம்பாமல் தடுப்பது அந்தக் குண்டுதான். புது வால்வு ஒன்று உங்கள் இரண்டாவது காபரேட்டரோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

வாங்கிய புதுக் காபரேட்டரைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பூட்டிய சாமானை எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் பாவித்த "மரீன்" காபரேட்டர் ஒன்று நல்ல விலைக்கு இருக்கிறது. உண்மையில் மரீன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: விற்கிறவரின் வாயைப் பார்க்காமல் இலக்கத்தைப் பாருங்கள். ஹோலியில் மேலே சொக் இருக்கும் சுவரில் லிஸ்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இலக்கம் வெட்டியிருக்கும். எடெல்புரொக்கில் அடிப்பாகத்தின் முன்பக்கக் காலில் இருக்கும். 1409, 1410 என்றால் மரீன், 1405, 1406 என்றால் கார். படத்தில் இலக்கம் தெரியாவிட்டால் கிட்டே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

நேரில் போனால் ஹோலியின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். வென்ட் குழாய்கள் உள்நோக்கி வளைந்திருக்கவேண்டும். இலக்கம் மரீனாக இருந்து குழாய் நேராக நின்றால், யாரோ இரண்டு காபரேட்டரின் உறுப்புகளைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பிறகு த்ரொட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எல்லாம் சரியென்றாலும் கழற்றாமல் பூட்டவேண்டாம். பழைய பெற்றோல் காய்ந்து உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் படிந்திருக்கும். கிட்டின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேசவேண்டும்.